ஐசியு டேட்டாபேஸில் எண்கள் உதைக்கின்றனவா? அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

மாதக் கடைசியில் தரக் குழுக் கூட்டம் கூடும். ஐசியுவின் இறப்பு விகிதம், படுக்கை நிரப்பு, வென்டிலேட்டர் நாட்கள், தொற்று விகிதம் எல்லாம் ஒரே தாளில் வந்து விழும். அதில் ஏதாவது ஒரு எண் உதைக்கும். உடனே நிர்வாகம் சிகிச்சையைச் சந்தேகிக்கும், டாக்டர்கள் சாஃப்ட்வேரைச் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் கோளாறு இரண்டிலும் இருக்காது. படிவத்தின் ஒரு பெட்டியை நர்ஸ் ஒரு பொருளில் நிரப்பியிருப்பார், கணக்குப் போடும் நிரல் அதை வேறொரு பொருளில் எடுத்துக்கொண்டிருக்கும்.

கீழே அறிகுறி வாரியாகப் பிரித்திருக்கிறேன். உங்களுக்கு வேண்டிய இடத்துக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள். எண் உதைக்கும் மாதத்திலிருந்து பிழைத்தவர்கள் ஐந்து பேர், இறந்தவர்கள் ஐந்து பேர் என்று பத்து கேஸ் ஷீட்டுகளை எம்.ஆர்.டி.யிலிருந்து (மருத்துவப் பதிவேட்டுப் பிரிவு) வாங்கி, திரையில் இருப்பதையும் தாளில் இருப்பதையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். பாதிப் பிழைகள் இந்தப் பத்திலேயே தட்டுப்பட்டுவிடும். மூலத் தரவில் கை வைக்காதீர்கள். நகல் எடுத்து அதில் மட்டும் வேலை பாருங்கள்.

எஸ்எம்ஆர் திடீரென்று ஏறிவிட்டது

எஸ்எம்ஆர் என்பது உண்மையில் இறந்தவர்களின் எண்ணிக்கையை, இறப்பார்கள் என்று நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் கணித்த எண்ணிக்கையால் வகுப்பது. 1-க்கு மேல் போனால் கணித்ததை விட அதிகம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று பொருள். மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று தரும் என்.ஏ.பி.எச். கேட்கும் தரக் குறியீடுகளில் இதுவும் ஒன்று என்பதால், இது ஏறினால் மேலிடத்திலிருந்து போன் வரும்.

மேலே இருக்கும் எண்ணை எல்லோரும் முறைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் கீழே இருப்பதைப் பாருங்கள். நம் ஊரில் பலரும் பயன்படுத்தும் அப்பாச்சி-2 மதிப்பெண் 1985-ல் வெளியானது. முதல் 24 மணி நேரத்தின் மிக மோசமான 12 உடலியல் அளவுகள், வயது, நாள்பட்ட நோய் இவற்றைச் சேர்த்து அதிகபட்சம் 71 வரை போடும். ஒரு அளவு விடுபட்டுப்போனால் அது இயல்பாக இருந்ததாக எடுத்துக்கொண்டு பூஜ்யம் கொடுக்கும். இதுதான் வில்லங்கம். லேப் கணினிக்கும் ஐசியு டேட்டாபேஸுக்கும் இடையே இணைப்பு ஒரு வாரம் அறுந்திருந்தால் அந்த வாரத்தில் வந்த நோயாளிகளுக்கு சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் எதுவும் இருக்காது. மதிப்பெண் இறங்கும், கணிக்கப்பட்ட இறப்பு குறையும், எஸ்எம்ஆர் ஏறும். ஒருவர் கூட அதிகமாக இறந்திருக்க மாட்டார்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு கோடு போதும். வார வாரியாக சராசரி மதிப்பெண்ணுக்கு ஒரு கோடு, ஒவ்வொரு பெட்டியும் எத்தனை சதவீதம் காலியாக இருக்கிறது என்பதற்கு ஒரு கோடு. ஒன்று இறங்கும் வாரத்தில் மற்றது ஏறினால் விஷயம் முடிந்தது. ஏபிஜி (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுக்காத நோயாளிகள் அதிகமாக இருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து, ஒரே ஆள் இரண்டு முறை எண்ணப்பட்டாரா என்று பாருங்கள். ஐசியுவிலிருந்து வார்டுக்குப் போய், மறுநாளே மூச்சுத் திணறலோடு திரும்பி வந்து இறந்தவருக்கு இரண்டு ஐசியு வரிசைகள் இருக்கும். 'மருத்துவமனையில் இறந்தார்' என்ற முடிவு இரண்டு வரிசையிலும் ஏறியிருந்தால் ஒரு மரணம் இரண்டாகிவிடும். எஸ்எம்ஆருக்கு ஒரு மருத்துவமனைத் தங்கலின் முதல் ஐசியு வருகையை மட்டும் எடுங்கள். திரும்பி வந்ததை 48 மணி நேர மறுவருகைக் கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தால், எண்ணிக்கை சின்னதா என்று கேளுங்கள். எட்டுப் பேர் இறப்பார்கள் என்று கணித்து பத்துப் பேர் இறந்தால் எஸ்எம்ஆர் 1.25. பார்க்க பயமாக இருக்கும். ஆனால் இதன் 95 சதவீத நம்பக எல்லை (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) சுமார் 0.60 முதல் 2.30 வரை. அதாவது இந்த எண் உங்களிடம் எதையும் சொல்லவில்லை. சின்ன ஐசியுவுக்கு மாத எஸ்எம்ஆர் போடுவதே வீண் வேலை என்பது என் கருத்து. பன்னிரண்டு மாதத்தைச் சேர்த்து, மாதா மாதம் நகர்த்திப் பாருங்கள். அறிக்கையில் எல்லையை அச்சிடாமல் எண்ணை மட்டும் அச்சிடாதீர்கள்.

கடைசியாகத்தான் மாதிரியையே, அதாவது இறப்பைக் கணிக்கும் சூத்திரத்தையே, சந்தேகிக்க வேண்டும். அப்பாச்சி-2 அமெரிக்காவின் 13 மருத்துவமனைகளில் சேர்ந்த 5,815 நோயாளிகளை வைத்து உருவானது. பூச்சிமருந்து குடித்தவர்கள், பாம்புக்கடி, டெங்கு என்று வரும் ஐசியுவுக்கு அது அளவெடுத்துத் தைத்த சட்டை இல்லை. பூச்சிமருந்து கேஸில் அட்ரோபின் ஓடும்போது நாடித்துடிப்பு 140-ஐத் தொடும். அது மருந்தின் வேலை, ஆனால் மதிப்பெண் மூன்று புள்ளி ஏற்றிவிடும். இந்த மாதிரி ஐசியுக்களுக்காகவே, தெற்காசிய நோயாளிகளின் தரவிலிருந்து, எளிதில் கிடைக்கும் அளவுகளை மட்டும் வைத்து ட்ராபிக்ஸ் என்ற மாதிரி 2017-ல் வந்தது. அதில் பெரும்பங்கு இலங்கைக் குழுவினுடையது. 2019-ல் தொடங்கிய ஐரிஸ் என்ற இந்திய தீவிர சிகிச்சைப் பதிவேடும் இலங்கையின் நிக்ஸ்ட் அமைப்பு வளர்த்தெடுத்த மென்பொருள் மேடையில்தான் நடக்கிறது. மாதிரி பொருந்தவில்லை என்றால் அடுத்த ஆஸ்பத்திரியோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, உங்கள் ஐசியுவைப் போன வருட உங்கள் ஐசியுவோடு ஒப்பிடுங்கள்.

எஸ்எம்ஆர் அழகாகக் குறைந்துவிட்டது

இந்த அறிகுறியோடு யாரும் வரமாட்டார்கள். 0.5 என்று வந்தால் பாராட்டுக் கடிதம்தான் வரும். எனக்குக் கேட்டால், ஏறிய எஸ்எம்ஆரை விட இறங்கிய எஸ்எம்ஆரைத்தான் முதலில் தோண்ட வேண்டும். ஏறினால் பத்துப் பேர் கேள்வி கேட்பார்கள், பிழை தானாக வெளியே வந்துவிடும். இறங்கினால் பிழை வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

முதல் சந்தேகம் ஜிசிஎஸ், அதாவது நினைவு நிலையை 3 முதல் 15 வரை அளக்கும் எண். ஒரு நோயாளியை எடுத்துக்கொள்வோம். பூச்சிமருந்து குடித்து வந்தவர், கேஷுவாலிட்டியில் ஜிசிஎஸ் 13. மூச்சு தளர்ந்ததால் டியூப் போட்டு, ஃபென்டனில், மிடசோலம் என்ற வலி, மயக்க மருந்துகளை ஓடவிட்டு ஐசியுவுக்கு அனுப்புகிறார்கள். ஐசியுவில் சிஸ்டர் பார்க்கும்போது கண் திறக்கவில்லை, பேசவில்லை, அசையவில்லை. ஃப்ளோ சார்ட்டில் 3 என்று எழுதுகிறார். பார்த்ததை எழுதியிருக்கிறார், அவர் மேல் தப்பில்லை. டேட்டாபேஸ் அந்த 3-ஐ எடுத்துக்கொள்கிறது. அப்பாச்சி-2-ல் ஜிசிஎஸ் புள்ளி என்பது 15-லிருந்து ஜிசிஎஸ்ஸைக் கழித்தது. இரண்டு புள்ளி வர வேண்டிய இடத்தில் பன்னிரண்டு வந்துவிட்டது. மதிப்பெண்ணிலிருந்து இறப்பைக் கணிக்கும் சூத்திரத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் கெழு 0.146. பத்துப் புள்ளி கூடினால் இறப்பின் ஆட்ஸ் (இறக்கும் வாய்ப்பைப் பிழைக்கும் வாய்ப்பால் வகுத்தது) நான்கு மடங்குக்கு மேல் ஏறிவிடும். இப்படி வென்டிலேட்டரில் இருக்கும் எல்லோருக்கும் ஏற்றினால் எந்த ஐசியுவும் அற்புத ஐசியுவாகிவிடும். சரிசெய்வது எளிது. 'மயக்க மருந்துக்கு முந்தைய ஜிசிஎஸ்' என்று தனிப் பெட்டி வைத்து, மதிப்பெண்ணை அதிலிருந்து மட்டும் கணக்கிடுங்கள்.

இரண்டாவது அலகுக் குழப்பம். இதில் ஒரு வசதி உண்டு, ஒவ்வொரு தவறுக்கும் தனிக் கைரேகை இருக்கும். பல இடங்களில் காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் எழுதுகிறோம். செல்சியஸ் பெட்டியில் 98.6 விழுந்தால் 41-க்கு மேல் என்று நான்கு புள்ளி. ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுவின் சதவீதம்) பெட்டியில் ஹீமோகுளோபினைப் போட்டால் 12 என்பது 20-க்குக் கீழ், அதற்கும் நான்கு. வெள்ளணு எண்ணிக்கையை ஆயிரத்தில் கேட்கும் இடத்தில் 11,000 என்று முழுசாகப் போட்டால் நான்கு. மூச்சில் கொடுக்கும் ஆக்சிஜன் அளவை 0.4 என்று கேட்கும் இடத்தில் 40 என்று போட்டால் நிரல் அதை 0.5-க்கு மேல் என்று நினைத்து, ஏ-ஏ கிரேடியன்ட் (நுரையீரல் காற்றறைக்கும் ரத்தத்துக்கும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசம்) போட்டு, எங்கேயோ ஆயிரக்கணக்கில் ஒரு விடை கண்டு நான்கைக் கொடுக்கும். காலிப் பெட்டியை நிரல் பூஜ்யமாகச் சேமித்தாலும் இப்படித்தான்: நாடி 0, சோடியம் 0, வெப்பம் 0, தலைக்கு நான்கு. காலியை இயல்பாக எடுத்தால் எஸ்எம்ஆர் ஏறும், பூஜ்யமாக எடுத்தால் இறங்கும். ஒரே காலிப் பெட்டி, எதிரெதிர் விளைவு.

எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் மிகச் சிறியது, மிகப் பெரியது, நடு மதிப்பு மூன்றையும் எடுத்து ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஐசியு டாக்டர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் ஐந்து நிமிடத்தில் விரல் வைத்துவிடுவார். சாப்ஸ்-2 என்ற இன்னொரு தீவிர மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறவர்கள் யூரியாவையும் பாருங்கள். நம் லேப்கள் பெரும்பாலும் பிளட் யூரியா கொடுக்கின்றன, வெளிநாட்டு மென்பொருள் பி.யு.என். (யூரியாவில் உள்ள நைட்ரஜன் அளவு) கேட்கும். யூரியாவை 2.14-ஆல் வகுத்தால்தான் பி.யு.என். யூரியா 50 என்பது பி.யு.என்.னில் 23, அதற்குப் புள்ளியே கிடையாது. வகுக்காமல் 50 என்றே போட்டால் ஆறு புள்ளி.

மூன்றாவது, நம் ஊருக்கே உரிய விஷயம்: லாமா. மருத்துவ ஆலோசனைக்கு மாறாகக் கூட்டிப்போவது. பணம் தீர்ந்துவிட்டது, அல்லது இனி முடியாது என்று தெரிந்துவிட்டது, உயிர் வீட்டில் போகட்டும் என்று அழைத்துப்போகிறார்கள். டேட்டாபேஸில் அவர் 'டிஸ்சார்ஜ்', அதாவது உயிரோடு போனவர். ஒரு உதாரணக் கணக்கு: 120 பேர், கணித்த இறப்பு 25, உண்மையில் இறந்தவர்கள் 18, லாமா 12. அப்படியே போட்டால் எஸ்எம்ஆர் 0.72. லாமா பன்னிரண்டு பேரும் இறந்ததாக வைத்தால் 1.20. அந்தப் பன்னிரண்டு பேரையும், அவர்களுக்குக் கணித்த இறப்பு 6 என்றால் அதையும் சேர்த்து நீக்கினால், 19-க்கு 18, அதாவது 0.95. மூன்று எண்ணும் ஒரே ஐசியுதான். லாமாவுக்குத் தனிக் குறியீடு வையுங்கள், 30-வது நாள் போன் செய்து நிலவரம் கேட்டுப் பதியுங்கள், முடியாவிட்டால் மூன்று எண்களையும் அறிக்கையில் போடுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துப் போடுவது நேர்மையான வேலை இல்லை.

முடிவுப் பெட்டி காலியாக இருப்பவர்களை நிரல் உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மாதக் கடைசியில் இன்னும் வார்டில் இருப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

படுக்கை நிரப்பு 100 சதவீதத்தைத் தாண்டுகிறது, தங்கிய நாள் மைனஸில் வருகிறது

தங்கிய நாள் மைனஸில் வரும் வரிசைகளை மட்டும் பிரித்தெடுத்து தேதிகளைப் பாருங்கள். எல்லாத் தேதியும் 12-க்குள் இருந்தால் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன. 5/3 என்பதை எக்ஸல் மே 3 என்று எடுத்துக்கொண்டிருக்கும். 12-க்கு மேற்பட்ட தேதிகளை மாதமாக எடுக்க முடியாமல் எழுத்தாக விட்டிருக்கும். கணினியின் வட்டார அமைப்பை மாற்றினால் இனி வருவது சரியாகும், பழையதைக் கையால்தான் திருத்த வேண்டும். எல்லாத் தேதியும் சரியாக 1,462 நாள் தள்ளியிருந்தால், கோப்பு பழைய மேக் கணினியின் 1904 தேதி முறையில் சேமிக்கப்பட்டது. அதை ஒரே கழித்தல் கூட்டலில் சரிசெய்யலாம்.

இன்னொரு வகை நைட் டியூட்டியில் பிறக்கிறது. 14-ம் தேதி இரவு டியூட்டிக்கு வந்த சிஸ்டருக்கு விடியும் வரை 14-ம் தேதிதான். நள்ளிரவு தாண்டி 12.40-க்கு வந்த நோயாளியை 14-ம் தேதி 00:40 என்று பதிந்துவிடுவார். நோயாளி ஒரு நாள் முன்னதாகவே வந்ததாகக் கணக்காகும். சில வரிசைகளில் கேஷுவாலிட்டிக்கு வருவதற்கு முன்பே ஐசியுவில் சேர்ந்திருப்பார். நள்ளிரவு முதல் காலை ஏழு வரை பதிந்த வரிசைகளை மட்டும் எடுத்து கேஷுவாலிட்டி நேரத்தோடு ஒப்பிடுங்கள். தேதியைக் கையால் அடிக்க விடாமல் கணினி நேரத்தை இயல்பாக நிரப்பினால் இது பெருமளவு நின்றுவிடும்.

100-ஐத் தாண்டுவதற்கு வழக்கமான காரணம் வெளியேறிய நேரம் பதியாமல் விட்டது. நிரல் அவரை இன்றுவரை படுக்கையில் வைத்திருக்கும். 12 படுக்கை ஐசியுவில் ஒரே நேரத்தில் 15 பேர் இருந்ததாக வரும். மணிக்கு மணி தலை எண்ணிக்கை போட்டால் பிடித்துவிடலாம். இரண்டாவது காரணம், சேர்ந்த நாளையும் போன நாளையும் முழு நாளாக எண்ணுவது. இரவு 11-க்கு வந்து அதிகாலை 2-க்கு இறந்தவர் மூன்று மணி நேரம் இருந்தவர், கணக்கில் இரண்டு நாள். நாளாக எண்ணாதீர்கள், மணியாக எண்ணுங்கள். சராசரியோடு நடு மதிப்பையும் போடுங்கள், ஏனென்றால் இரண்டு மாதம் படுத்திருக்கும் ஒரே ஒரு நோயாளி சராசரியைக் குலைத்துவிடுவார்.

வெளியேறும் நேரத்துக்கு இரண்டு பெட்டி வைப்பது நல்லது: வார்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிய நேரம், நோயாளி உண்மையில் போன நேரம். பல மருத்துவமனைகளில் மூன்றாவதாக பில்லிங் முடிந்த நேரத்தைத்தான் டேட்டாபேஸ் எடுத்துக்கொள்கிறது, அது ஐசியுவைப் பற்றி எதுவும் சொல்லாது. முதல் இரண்டுக்கும் இடைவெளி தினமும் ஆறு மணி நேரம் என்றால், புது ஐசியு படுக்கை வாங்குவதற்கு முன் வார்டுப் படுக்கையைப் பார்க்க வேண்டும்.

நோயாளி எண்ணிக்கை ரிஜிஸ்டரோடு ஒத்துப்போகவில்லை

டேட்டாபேஸில் அதிகமாக இருந்தால் பெரும்பாலும் அட்டவணை இணைப்புக் கோளாறு. சேர்க்கை அட்டவணையை லேப் அட்டவணையோடு இணைத்தால், ஒருவருக்கு ஆறு ரிசல்ட் இருந்தால் அவர் ஆறு பேராகிவிடுவார். வரிசையை எண்ணாமல் தனித்த சேர்க்கை எண்களை எண்ணுங்கள். ரிஜிஸ்டரில் அதிகமாக இருந்தால் ஐ.பி. நம்பரைப் பாருங்கள். 004512 என்பதை எக்ஸல் 4512 ஆக்கியிருக்கும், இணைப்பு பொருந்தாமல் ஆள் விழுந்திருப்பார். எண் போலத் தெரிந்தாலும் ஐ.பி. நம்பரை எழுத்தாகத்தான் சேமிக்க வேண்டும்.

தொற்று விகிதம் தாறுமாறாக ஆடுகிறது

சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் போடும் குழாய்) ரத்தத் தொற்று, வென்டிலேட்டர் நிமோனியா எல்லாம் 1,000 கருவி நாட்களுக்கு இத்தனை என்று சொல்லப்படுபவை. தொற்றை எல்லோரும் கவனமாக எண்ணுவார்கள், கருவி நாளை யாரும் எண்ண மாட்டார்கள். நான்கு தொற்று, 310 லைன் நாட்கள் என்றால் 12.9. லைன் நாளுக்குப் பதிலாக எல்லா நோயாளிகளின் தங்கல் நாட்களையும், 520 என்று வைத்துக்கொள்வோம், போட்டு வகுத்தால் 7.7. தொற்று குறைந்துவிட்டது என்று நினைப்போம்.

தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள், படுக்கை படுக்கையாகப் போய் எண்ண வேண்டும். ஒருவருக்கு இரண்டு சென்ட்ரல் லைன் இருந்தாலும் அது ஒரு லைன் நாள்தான். டயாலிசிஸ் கேத்தீட்டரும் சென்ட்ரல் லைன்தான், அதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை நாட்கள் மட்டும் குறைவாக இருந்தால், அன்று தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸுக்கு லீவு என்று பொருள்.

விகிதம் மாதக்கணக்கில் பூஜ்யமாகவே இருந்தால் பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எத்தனை அனுப்பினார்கள் என்று லேப்பில் கேளுங்கள். கல்ச்சர் அனுப்பாத இடத்தில் தொற்று இருக்காது.

நர்ஸ் வேலைப்பளுக் கணக்கை யாரும் நம்பவில்லை

நர்ஸ் வேலைப்பளுவை அளக்கும் டிஸ்-28 என்ற மதிப்பெண் 1996-ல் வந்தது. ஒரு நர்ஸ் ஒரு ஷிஃப்டில் ஏறக்குறைய 46 புள்ளி வேலையைச் செய்ய முடியும் என்பது அதன் கணக்கு, ஒரு புள்ளிக்குச் சுமார் 10.6 நிமிடம். ஒரு ஷிஃப்டில் மொத்தம் 300 புள்ளி வந்தால் ஆறு அல்லது ஏழு நர்ஸ் வேண்டும். ரோஸ்டரில் நான்கு பேர்தான் இருந்தார்கள், ஆனால் வேலை நடந்துவிட்டது என்றால் மூன்று சாத்தியம்: 24 மணி நேரப் புள்ளியை ஒரு ஷிஃப்டோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள், முந்தைய நாள் புள்ளியை அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள், அல்லது நான்கு பேர் உண்மையிலேயே ஏழு பேர் வேலையைச் செய்திருக்கிறார்கள். இரண்டாவதைக் கண்டுபிடிக்க, தொடர்ந்து நான்கைந்து நாள் ஒரே புள்ளி இருக்கும் நோயாளிகளைத் தேடுங்கள். டியூப் எடுத்த நாளிலும் வென்டிலேட்டர் புள்ளி தொடர்ந்தால் அது நகல்தான். முதல் இரண்டும் இல்லை என்று உறுதியான பிறகு அந்தத் தாளை நர்ஸிங் சூப்பரின்டென்டன்ட் மேஜைக்குக் கொண்டுபோங்கள், ஆள் கேட்க அவருக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

ஒருவருக்கு வயது 300

உங்கள் ஐசியுவில் என்றால் பிறந்த தேதிப் பிழை. பயிற்சிக்காக அமெரிக்காவின் மிமிக்-3 என்ற ஐசியு நோயாளித் தரவை இறக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் பிழை இல்லை. 89 வயதைத் தாண்டியவர்களை அடையாளம் காண முடியாதபடி அவர்கள் பிறந்த தேதியை வேண்டுமென்றே பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். சராசரி வயது போடும் முன் அவர்களைத் தனியே ஒதுக்குங்கள்.

திருத்திய பிறகு

எந்தப் பெட்டியை, எந்தத் தேதியில், யார், எதனால் மாற்றினார்கள் என்று ஒரு திருத்தப் பதிவு இருக்கட்டும். பழைய மதிப்பை அழிக்காமல் பக்கத்தில் வையுங்கள். அப்புறம் பழைய மாதங்களையும் புதிய விதியால் மறுபடி கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் திருத்திய மாதத்தில் கோடு செங்குத்தாக ஏறவோ இறங்கவோ செய்து, அடுத்த கூட்டத்தில் அதற்கு ஒரு மருத்துவக் காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள். விதி மாறிய தேதியில் வரைபடத்தில் ஒரு நிலைக்குத்துக் கோடு போட்டு, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதுங்கள். ஏற்கெனவே வெளியே அனுப்பிய அறிக்கையில் தவறான எண் இருந்தால், பெற்றவர்களுக்குத் திருத்திய எண்ணை அதே வாரத்தில் அனுப்பிவிடுங்கள்.